ஓரம் வெட்டாத பைண்டிங் கடை

கொடைக்கானலில் பழைய காகிதம் எதையாவது பைண்டிங் கொடுக்க வேண்டியிருந்தால் மூஞ்சிக்கல்லில் இருக்கும் இந்தக் கடையில் கொடுங்கள். ஏன் என்று கேட்டால் என் பதில் இதுதான்: கடைக்காரர் காகிதத்தின் ஓரத்தை வெட்டுவதற்கு முன்னால் என்னைக் கேட்டார். அது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல 1955 வரைக்கும் போக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து கீழே இறங்கும் சந்தில், இருபது படி தாண்டினால் ஒரு நீலக் கதவு. அதில் வெள்ளைப் பெயின்ட்டில் ‘பைண்டிங்’ என்று மட்டும் எழுதியிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் படி பாசி பிடித்து வழுக்கும், கைப்பிடியும் இடது பக்கம் மட்டும்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போவது நல்லது. உள்ளே பத்துக்குப் பத்து அறை. ஒரு மூலையில் கட்டிங் மெஷின், இன்னொரு மூலையில் கையால் திருகும் இரும்பு பிரஸ், நடுவில் பசை காய்ந்து வழவழப்பாகிப் போன பலகை. மதர் தெரசா மகளிர் பல்கலைக்கழகத்து மாணவிகளின் ஆய்வேடுகள் கறுப்பு ரெக்சினில், தங்க எழுத்தோடு அடுக்கி இருக்கும். அப்புறம் ஓட்டல் ரெஜிஸ்டர், சர்ச் பதிவேடு, பள்ளிக்கூட வருகைப் பதிவேடு. நான் வேலை பார்த்த பள்ளியின் பதிவேடுகளும் இங்கேதான் வரும். அப்போது இவருடைய அப்பா இருந்தார், இப்போது இவர். ஐம்பது வயது இருக்கும். அவர் என்னை ‘டீச்சர்’ என்பார், நான் அவரைத் ‘தம்பி’ என்பேன்.

நான் கொண்டுபோனது ஒரு பேஸ்பால் ஸ்கோர் அட்டை. மைதானத்தில் விற்பார்களே, நடுவில் மடித்துப் பின் அடித்த மெல்லிய புத்தகம், அது. உள்ளே வீரர்களின் பெயரும் கட்டம் போட்ட பக்கங்களும் இருக்கும். பார்ப்பவர் தன் கையால் ஆட்டத்தை எழுதிக்கொள்வார். இது 1955 ஏப்ரல் 23, சனிக்கிழமை, அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி முனிசிபல் ஸ்டேடியத்தில் நடந்த ஆட்டத்தின் அட்டை. சிகாகோ வைட் சாக்ஸ் 29, கான்சாஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் 6.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு 29 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். நம் கிரிக்கெட் கணக்கில் 29 ஒன்றுமே இல்லை. ஆனால் பேஸ்பாலில் நாலு ஐந்து ஓட்டம் எடுத்தாலே அன்றைக்கு ஜெயித்துவிடலாம். 1900-க்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஒரு ஆட்டத்தில் 29 ஓட்டம் எடுத்திருந்த அணி அதுவரை ஒன்றே ஒன்றுதான், 1950 ஜூன் மாதத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ். அந்த அளவைத் தாண்ட 2007 வரை ஆயிற்று. அந்த வருஷம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 30 எடுத்தது.

இந்த அட்டை கொடைக்கானலுக்கு எப்படி வந்தது என்றால், என் அம்மா ஒரு அமெரிக்க மிஷனரி வீட்டில் ஆயாவாக இருந்தார். அந்த வீட்டு மிஸ்ஸியம்மா கான்சாஸ் சிட்டிக்காரர். இங்கே சில வருஷம் வேலை பார்த்தால் ஒரு வருஷம் ஊருக்குப் போய்வர அவர்களுக்கு விடுப்பு உண்டு. அப்படிப் போயிருந்தபோது தன் அப்பாவோடு மைதானத்துக்குப் போய் எழுதியது இது. திரும்பி வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். மிஷனரிப் பிள்ளைகளுக்கான ஹைகிளர்க் பள்ளி 1901-ல் தொடங்கிய காலத்திலிருந்து அமெரிக்கப் பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு, அவர்களோடு பந்தும் மட்டையும் வந்தன. ஏரிக்கரை மைதானத்தில் அவர்கள் ஆடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது இந்த அட்டையில்தான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மழை நாளில் அம்மா வேலையை முடிக்கும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். மிஸ்ஸியம்மா இதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தெலுங்கும் ஆங்கிலமும் கலந்த தன் தமிழில் சொல்லிக்கொடுத்தார்.

அது அழகான கணக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். பந்து வீசுகிற பிட்சர் 1, பின்னால் உட்கார்ந்து பிடிக்கிற கேட்சர் 2, முதல் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய நாலு இடங்களில் முதலாவது) நிற்பவர் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளி மைதானத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. கட்டத்துக்குள் 6-3 என்று இருந்தால் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து ஆளை வெளியேற்றினார் என்று அர்த்தம். மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறினால் ‘கே’ எழுத்து. ஒருவர் நாலு பேஸும் சுற்றி வந்து ஓட்டம் எடுத்துவிட்டால் கட்டத்துக்குள் இருக்கும் சின்ன வைரத்தைப் பென்சிலால் நிரப்பிவிட வேண்டும். சிகாகோவின் பக்கத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் கறுப்பு எள்ளைக் கொட்டியது போல இருக்கும்.

அட்டையில் 10 பத்தி. ஒன்பது இன்னிங்ஸ், கூடுதலாக ஒன்று. ஒரு அணியில் 9 பேர், ஒரு இன்னிங்ஸில் 3 பேர் வெளியேறினால் முடிந்தது. வழக்கமாக ஒரு பத்தியில் நாலைந்து கட்டம்தான் நிரம்பும். அன்றைக்கு இரண்டாவது இன்னிங்ஸில் ஒன்பது பேரும் ஆடி முடித்து மறுபடி வரிசை சுற்றி வந்தது. சிகாகோவின் கேட்சர் ஷெர்ம் லாலர் அந்த ஒரே இன்னிங்ஸில் இரண்டு தடவை மட்டை பிடித்து இரண்டு ஹிட், அதாவது பேஸைப் பிடிக்கும் அடி, அடித்தார். ஆறாவது இன்னிங்ஸில் அதையே இன்னொரு முறை செய்தார். ஒரே ஆட்டத்தில் இப்படி இரண்டு தடவை செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிஸ்ஸியம்மா என்ன செய்தார் என்றால், ஒரு பத்தியில் இரண்டு இன்னிங்ஸ் கலக்கக் கூடாது என்று, அச்சடித்திருந்த ‘3’ என்ற தலைப்பை அடித்துவிட்டு மேலே 2 என்று எழுதி, மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வலது பக்கம் தள்ளினார். ஆறாவது இன்னிங்ஸிலும் இப்படியே இரண்டு பத்தி ஆயிற்று. கடைசியில் அட்டையில் இடம் போதவில்லை. ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் கையாலேயே கோடு இழுத்துப் புதுப் பத்தி போட்டு, பேரேட்டில் இடம் தீர்ந்த கணக்கப்பிள்ளை மாதிரி நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறார். காகிதத்தின் விளிம்புக்கும் கடைசி வைரத்துக்கும் நடுவில் ஒரு நூல் அகலம்கூட இல்லை.

இத்தனையும் தன் சொந்த ஊர் அடி வாங்கிய ஆட்டம் என்பதை நினைத்துப் பாருங்கள். அத்லெட்டிக்ஸ் அந்த வருஷம்தான் பிலடெல்பியாவிலிருந்து கான்சாஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஏப்ரல் 12-ஆம் தேதி முதல் ஆட்டம், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் வந்து முதல் பந்தை எறிந்தார், டெட்ராய்ட்டை 6-2 என்று ஜெயித்தார்கள். ஊரே கொண்டாடியது. பதினோரு நாள் கழித்து இந்த 29-6. சிகாகோ 7 ஹோம் ரன் அடித்தது, ஒரே அடியில் நாலு பேஸும் சுற்றி வருவது அது. லாலர் இரண்டு, பாப் நீமன் இரண்டு. நீமன் ஒருவரின் அடியிலேயே அணிக்கு 7 ஓட்டம் வந்தது. பிட்சர் ஜாக் ஹார்ஷ்மன்கூட ஒன்று அடித்தார். நம் பக்கம் பத்தாவது ஆளாக இறங்குகிற பௌலர் சிக்ஸர் அடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்த அம்மா எழுந்து போகவில்லை. ஒரு கட்டம் விடாமல் கடைசிவரை எழுதியிருக்கிறார். ஊரும் அப்படித்தான் இருந்தது. முந்தின வருஷம் பிலடெல்பியாவில் மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் பார்த்த அணியை, கான்சாஸ் சிட்டியில் அந்த ஒரு வருஷத்தில் 13 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். சீசன் முடிவில் சிகாகோ 91 வெற்றி, 63 தோல்வி. கான்சாஸ் சிட்டி அப்படியே தலைகீழாக 63 வெற்றி, 91 தோல்வி. அணி 1968-ல் ஓக்லண்டுக்குப் போய்விட்டது.

மிஸ்ஸியம்மா குடும்பம் 1974-ல் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பாத்திரமும் கம்பளியும் கொடுத்தார். எனக்கு ஒரு கவரில் இந்த அட்டையைக் கொடுத்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் என்னிடம்தான் இருந்தது.

போன வருஷம் வடகிழக்குப் பருவமழையில் எங்கள் வீட்டு ஓடு நழுவித் தண்ணீர் இறங்கியது. டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில்தான் விழுந்திருக்கிறது. நான் மகள் வீட்டுக்கு மதுரை போயிருந்தேன். வந்து திறந்தால் கவர் ஊறிப் போய், அட்டை ஓரமெல்லாம் பூசணம். இராமபாணப் பூச்சி வேறு முன்பே இரண்டு மூலையைத் தின்றிருந்தது. நடுவில் இருந்த பின் துருப்பிடித்து, அதைச் சுற்றிக் காகிதம் காவி நிறத்தில் பொடிந்தது. முன்பக்கத்தில் மிஸ்ஸியம்மா பேனாவால் எழுதியிருந்த தன் பெயர் முழுக்கக் கரைந்துவிட்டது. உள்ளே பென்சிலால் எழுதியது அத்தனையும் அப்படியே இருந்தது. பென்சில் கரி தண்ணீரில் கரையாது. மைதானத்துக்கு அவர் பேனா கொண்டுபோகவில்லையே என்று அன்றைக்கு நான் சொன்ன ஸ்தோத்திரத்துக்கு அளவில்லை.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பயம். சில வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கீழே சமவெளியில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் நாலு ஓரத்தையும் நறுக்கி, லேமினேஷன் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். பாதிரியார் கையெழுத்தின் வால் போயிற்று. இப்போது பிளாஸ்டிக்குக்குள் குமிழி வந்து காகிதம் பழுப்பேறிக்கொண்டிருக்கிறது, பிரித்து எடுக்கவும் வழியில்லை. அதனால் இந்தத் தடவை கவரைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் யோசித்தேன்.

தம்பி கவரைத் திறந்தார், தொடவில்லை. கையைத் துடைத்துவிட்டு வந்து ஒரு கெட்டி அட்டையின் மேல் அப்படியே சரித்து வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது என்ன கணக்கு டீச்சர்?”

“விளையாட்டு தம்பி. பேஸ்பால்.”

“இந்த ஓரம் ரொம்ப நைந்து போயிருக்கே. வழக்கமா இதை ஒரு கால் அங்குலம் வெட்டிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். வெட்டலாமா, வெட்டக் கூடாதா? இதுல எழுத்து இருக்கற மாதிரித் தெரியுது.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னேன். 1 முதல் 9 வரை எண்கள், வைரம், சுற்றி வந்த வரிசை, இடம் போதாமல் ஓரத்துக்கு வந்த பத்தி. பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ ஓரத்துலதான் ஆட்டமே இருக்கு” என்றார். கட்டிங் மெஷினின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மூடினார். எதற்கு என்று கேட்டேன். பழக்கதோஷத்தில் பையன் கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது என்றார்.

வேலையை எப்படிச் செய்தார் என்று விவரமாகவே சொல்கிறேன், உங்களிடமும் நனைந்த காகிதம் இருந்தால் உதவும். வெயிலில் காய வைக்கவில்லை. வெயிலில் வைத்தால் காகிதம் சுருண்டு மொறுமொறுப்பாகிவிடுமாம். பக்கத்துக்குப் பக்கம் மை ஒற்றும் தாளை வைத்து, மேலே லேசான பலகை பாரம் ஏற்றி, தினமும் தாளை மாற்றினார். நம் ஊர் ஈரத்தில் அதற்கே எட்டு நாள் ஆனது. காய்ந்தபிறகு பூசணத்தை மெல்லிய பிரஷ்ஷால், கடைக்கு வெளியே படியில் உட்கார்ந்து தட்டினார். துருப்பிடித்த பின்னைப் பிடுங்காமல், பின்பக்கக் கால்களைச் சின்ன ஊசியால் நிமிர்த்தி மெதுவாக உருவினார். பின் இருந்த இடத்தில் இப்போது வெள்ளை நூல் தையல். கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய டிஷ்யூ தாளைக் கிழித்து ஒட்டினார், கத்தரிக்கவில்லை. கிழித்தால்தான் விளிம்பு நார் நாராக வந்து காகிதத்தோடு படியுமாம். பசை வீட்டில் காய்ச்சுகிற மைதாப் பசை. ரெஜிஸ்டர்களுக்குப் பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள், இதற்கு அதைச் சேர்க்கவில்லை. மெல்லிய காகிதத்தில் நீலம் இறங்கிக் கறையாகும் என்றார். செலோடேப் பக்கமே போகவில்லை. மைதாப் பசையை நாளைக்கு வேறு யாராவது ஈரத் துணி வைத்துப் பிரித்துவிட முடியும் என்பது அவர் சொன்ன காரணம். தான் செய்த வேலையை இன்னொருவர் பிரிக்க நேரலாம் என்று நினைத்து வேலை செய்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

நடுவில் ஒரு நாள் போன் செய்தார். மடிப்புக்குள்ளே சின்னதாக ஒரு தொலி சிக்கியிருக்கிறது, தூக்கிப் போடலாமா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். நிலக்கடலையின் சிவப்புத் தொலி, சுண்டுவிரல் நகத்தில் பாதி. பேஸ்பால் மைதானத்தில் கடலை கொறிப்பது அவர்களுக்கு ஒரு வழக்கம். எழுபது வருஷம் முன்னால் ஒரு சனிக்கிழமை மடியில் விழுந்ததாக இருக்கலாம், எங்கள் வராந்தாவில் நான் தின்றதாகவும் இருக்கலாம். அதை ஒரு பட்டர் பேப்பரில் மடித்து, அட்டைக்குப் பின்னால் ஒரு சின்னப் பை ஒட்டி அதற்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்து நாள் என்று சொன்னது இருபத்தாறு நாள் ஆனது. மூன்று முறை வீணாகப் படி இறங்கி ஏறினேன். சாயங்காலம் மூடுபனி இறங்கினால் நாலு மணிக்கே கதவைச் சாத்திவிடுவார், சொல்லவும் மாட்டார். அட்டையை வைக்கக் கேட்டிருந்த துணிப்பெட்டி பச்சைக் காலிகோவில் வேண்டும் என்றேன், அரக்குச் சிவப்பில் வந்தது. பச்சை வத்தலக்குண்டில் கிடைக்கவில்லையாம். பெட்டியின் மேல் தங்க எழுத்தில் ‘1955 கிரிக்கெட்’ என்று அடித்துவிட்டார்கள். அது பையனின் வேலை. தம்பி மன்னிப்புக் கேட்டு, மேலே வேறு துணி ஒட்டி ‘29 – 6’ என்று மட்டும் புதிதாக அடித்துத் தந்தார். அதில் 6 கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பில் கேட்டால்தான் கிடைக்கும். சந்துக்குள் சிக்னல் கிடையாது, போனில் பணம் அனுப்ப முடியாது, ரொக்கமாகக் கொண்டுபோங்கள்.

மொத்தம் 950 ரூபாய், பெட்டியோடு சேர்த்து. முன்பணம் 200. இவ்வளவு கைவேலைக்கு இது குறைவு என்று நினைக்கிறேன், அவரிடமும் சொன்னேன். ஆய்வேடு பைண்டிங்கில் கை நிற்கிறது, இது மாதிரி எப்போதாவதுதான் வரும் என்றார். அவசர வேலை, மறுநாளே வேண்டும் என்பவர்கள் இங்கே போகாதீர்கள். பெரிய வரைபடம், சட்டம் போட்ட படம் எல்லாம் இவர் எடுப்பதில்லை. வீட்டுப் பத்திரம், பழைய கடிதம், பைபிள், கையெழுத்து நோட்டு என்றால் தயங்காமல் கொடுக்கலாம். கொடுக்கும்போது அது என்ன என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் கேட்பார்.

வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரித்து, கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கி வைரங்களை எண்ணினேன். இருபத்தொன்பதும் இருக்கிறது. லாலரின் வரிசையில் ஆறாவது இன்னிங்ஸுக்கு இரண்டு கட்டம், அடுத்தடுத்த பத்திகளில். மிஸ்ஸியம்மா தன் கையால் கோடு போட்ட ஓரப் பத்தியில் ஒன்பதாவது இன்னிங்ஸ்.

இப்போது அம்மாவின் கீர்த்தனைப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன். அதில் பக்க ஓரங்களில் அம்மா பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். தம்பி வருகிற புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த புதன்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.